வருகைப் பதிவேட்டில் இல்லாத பெயர்கள்

சென்ற கோடை விடுமுறையிலே நாம் ஆறு ஏடுகள் படித்தோம். உரைநடை நான்கு, கவிதை இரண்டு. ஆசிரியருக்கு விடுமுறை என்றால் உறக்கம் என்று ஊரார் எண்ணுகின்றனர்; எண்ணிவிட்டுப் போகட்டும்! திட்டமிட்டுத் தேர்ந்தெடுத்த நூல்கள் அல்ல அவை. நூலகத்திலே கைக்குக் கிட்டியவை இரண்டு, நண்பர் ஒருவர் தந்தவை மூன்று, சம்பளத்திலே மீதம் பிடித்து வாங்கியது ஒன்று. பெருமாள்முருகனின் 'கூளமாதாரி', பாமாவின் 'கருக்கு', இமையத்தின் 'கோவேறு கழுதைகள்', சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை', அதே சல்மாவின் 'ஒரு மாலையும் இன்னொரு மாலையும்' என்னும் கவிதைத் தொகுதி, சுகிர்தராணியின் கவிதைகள் — இவையே அந்த ஆறு.

படித்து முடித்து மேசைமீது அடுக்கி வைத்தபோதுதான் ஒன்று புலப்பட்டது. இந்த ஆறிலும் அரண்மனை இல்லை, அந்தப்புரம் இல்லை, குதிரையின் குளம்பொலி இல்லை. திரும்பத் திரும்ப வருவது ஒரு கதவு. பள்ளிக்கூடத்தின் கதவு! சிலருக்கு அது திறக்கவே இல்லை. சிலருக்குத் திறந்து, பிறகு அடைபட்டது. சிலர் உள்ளே நுழைந்தனர். நுழைந்த பின்னரே அடி விழுந்தது.

நாம் நாள்தோறும் காலையிலே அந்தக் கதவுக்கு உட்புறம் நின்று வருகைப் பதிவேட்டைத் திறக்கிறோம். நாற்பத்திரண்டு பெயர்கள். 'உள்ளேன் ஐயா' என்ற குரல் நாற்பதோ நாற்பத்தொன்றோ. வராதவனுக்கு ஒரு சுழி. அந்தச் சுழிக்குள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பதிவேடு கூறுவதில்லை, பயிற்சிக் கல்லூரியிலும் எவரும் கூறவில்லை. புதினம் கூறிற்று. அதனால்தான் இதனை எழுதுகிறோம்.

'கூளமாதாரி' 2000ஆம் ஆண்டில் வெளிவந்த புதினம். கொங்கு நாட்டின் வானம் பார்த்த பூமி, மேட்டாங்காடு, ஆடுகள், ஆடுகளை மேய்க்கும் சிறுவர் சிறுமியர். கூளையன் என்பவன் தலைவன். கவுண்டர் வீட்டுப் பண்ணையத்திலே ஆண்டுக் கணக்கிலே ஆளாக விடப்பட்டவன். அவன் தோழர்கள் யார்? நெடும்பன், மொண்டி, வவுறி, செவிடி. இந்தப் பெயர்களைச் சற்று நிறுத்திச் சொல்லிப் பாருங்கள், தோழர்களே! குள்ளமானவன், நெட்டையன், கால் விளங்காதவன், வயிறு பருத்தவள், காது கேளாதவள். பெற்றவர் சூட்டிய பெயர்களா இவை? உடலிலே கண்ட குறையை, அல்லது குறை என்று பிறர் கருதியதை, எடுத்து நெற்றியிலே ஒட்டிய சீட்டுகள் அல்லவா! ஆட்டுக்கும் மாட்டுக்கும் அடையாளம் வைப்பதுபோல மனிதக் குழந்தைக்கு வைத்த அடையாளம். வ. கீதா இந்நூலை ஆங்கிலத்தில் பெயர்த்தபோது, இப்பெயர்களின் பொருளையும் ஆங்கிலமாக்கியே தந்துள்ளார். அயல்நாட்டார்க்கும் அந்தச் சீட்டிலே எழுதியிருப்பது விளங்கவேண்டும் அல்லவா!

அவர்களோடு சேர்ந்து ஆடும் பண்ணையக்காரரின் மகனுக்கு என்ன பெயர் தெரியுமா? செல்வன்! அவனுக்குப் பள்ளி உண்டு. விடுமுறை நாளிலே அவனும் காட்டுக்கு வருவான், விளையாடுவான், கூளையனோடு ஒன்றாகக் கிடப்பான், நட்பும் கொள்வான். பொய்யான நட்பு அன்று அது. அதுதான் இப்புதினத்தின் துயரம். பிள்ளைகள் இருவரும் உண்மையாகவே நண்பர்கள். ஆனால் ஒருவன் ஏவலாம், மற்றவன் ஏவப்படவேண்டும் என்பதை இருவருமே பேசாமல் அறிந்திருக்கின்றனர். யார் கற்றுக்கொடுத்தார்கள்? எந்த வகுப்பிலே இந்தப் பாடம்? பெருமாள்முருகன் ஓரிடத்திலும் குரலுயர்த்திக் கேட்பதில்லை. ஆட்டின் நடையையும், பனங்கிழங்கின் சுவையையும், வெயிலின் ஏறுமுகத்தையும் எழுதிக்கொண்டே போகிறார். பக்கம் நகர நகர நம் தொண்டை வறள்கிறது.

ஒரு நிகழ்ச்சி. தேங்காய் திருடினான் என்று கூளையனைப் பிடித்துக் கிணற்றுக்குள் தலைகீழாகத் தொங்கவிடுகின்றனர். நம்மால் அன்றிரவு மேற்கொண்டு படிக்க இயலவில்லை. கொடுமை என்பதால் மட்டும் அன்று. கொடுமைகளைச் செய்தித்தாளிலே படித்துப் படித்து நம் தோல் தடித்துப்போய்விட்டது. எழுதிய முறையிலே இருந்தது ஒரு கூர்மை: அந்த ஊரிலே எவருக்கும் அது வியப்பாக இல்லை! ஆடு அடுத்தவன் காட்டிலே மேய்ந்தால் அடிப்பதுபோல, ஆள் தவறினால் தொங்கவிடுவது ஒரு வழமை. அவ்வளவுதான்.

1953ஆம் ஆண்டிலே இராசகோபாலாச்சாரியார் ஆட்சி, பிள்ளைகள் நாளைக்கு மூன்று மணி நேரம் பள்ளியிலும், எஞ்சிய நேரம் பெற்றோர் தொழிலிலும் பழகட்டும் என்று திட்டம் தந்ததும், குலக்கல்வித் திட்டம் என்று நாடே கொதித்ததும், 1954இல் காமராசர் பொறுப்பேற்றதும் அத்திட்டம் கைவிடப்பட்டதும் நம் ஏடுகளின் வாசகர்க்குப் புதிதல்ல. ஆனால் கூளையனைப் படித்தபோது நமக்கு ஒன்று தோன்றிற்று. திட்டம் என்று பெயரிட்டு அரசு கொண்டுவந்ததை எதிர்த்து விரட்டிவிட்டோம். பெயரே இடாமல் ஊர் நடத்திக்கொண்டிருந்த திட்டம் ஒன்று இருந்ததே! அதிலே மூன்று மணி நேரப் பள்ளிகூட இல்லை. தந்தையின் தொழிலைக்கூடக் கூளையன் கற்கவில்லை. கவுண்டரின் ஆடுகளை அல்லவா மேய்க்கிறான்! கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. சட்டப் புத்தகத்துக்கும் மேட்டாங்காட்டுக்கும் இடையே எத்தனை காதம் என்பதை அளந்து காட்டும் கோல் இந்தப் புதினம்.

தேங்காயைப் பற்றிச் சொன்னோம். அடுத்து நாம் எடுத்த நூலிலும் ஒரு தேங்காய்! 'கருக்கு' 1992இல் வெளிவந்தது. பாமா தம் வாழ்வையே எழுதிய நூல். இங்கே சிறுமி பள்ளிக்கு உள்ளே இருக்கிறாள். படிக்கிறாள், நன்றாகவே படிக்கிறாள். ஒரு மாலை பிள்ளைகள் விளையாடுகையில் பள்ளித் தென்னையிலிருந்து குரும்பைத் தேங்காய் ஒன்று விழுகிறது. மறுநாள் அணிவகுப்பிலே, எல்லாப் பிள்ளைகளும் பார்க்க, தலைமையாசிரியர் அச்சிறுமியின் பெயரைக் கூப்பிட்டுத் திருடி என்கிறார். அவள் சாதியைச் சொல்லியே திருடி என்கிறார். பள்ளிக்குள் வராதே என்கிறார். அழுதுகொண்டு பாதிரியாரிடம் ஓடுகிறாள். அவரோ, சேரிப் பிள்ளைதானே, செய்திருப்பாய் என்ற பாங்கிலே பேசுகிறார்!

கூளையன் தேங்காய் திருடியவன், இச்சிறுமி திருடாதவள். அவன் பள்ளியையே காணாதவன். இவள் முதல் மதிப்பெண் வாங்குகிறவள். அவன் பண்ணையத்திலே, இவள் தேவாலயத்தின் நிழலிலே. எல்லாம் வேறு; தீர்ப்பு மட்டும் ஒன்று! கல்வி வந்தால் சாதி போகும் என்று மேடையிலே பேசுகிறோம், நாமும் பேசியிருக்கிறோம், இனியும் பேசுவோம். ஆனால் கல்வி எந்தக் கையால் தரப்படுகிறது என்ற கேள்வியை 'கருக்கு' நம் முன் வைக்கிறது. பனைமட்டையின் இருபுறமும் அறுக்கும் அந்தப் பல்லுக்கு அல்லவா கருக்கு என்று பெயர்! நூலும் இருபுறம் அறுக்கிறது. எழுதியவரின் நினைவை ஒருபுறம். ஆசிரியனாய் நின்று படிப்பவனின் நெஞ்சை மறுபுறம்.

'கோவேறு கழுதைகள்' 1994இல் வந்தது. தாழ்த்தப்பட்டோர் என்று ஒதுக்கப்பட்டவர்க்கே துணி வெளுத்து, அவர்களாலும் ஒதுக்கப்பட்ட புதிரை வண்ணார் குடியின் கதை. ஆரோக்கியம் என்ற பெண், அவள் கணவன் சவுரி, பிள்ளைகள். மாலையானால் வீடு வீடாகப் போய் இராச்சோறு வாங்கவேண்டும். அறுவடையானால் களத்துமேட்டிலே நின்று கையேந்தவேண்டும். வெளுத்ததற்குக் கூலி அன்று, கெஞ்சியதற்குப் பிச்சை! தன் மகன் பீட்டரைச் சாமியாராகப் படிக்க வைக்கவேண்டும் என்பது அவள் கனவு. ஏன் அந்தக் கனவு? பக்தியா? நமக்கு அப்படித் தோன்றவில்லை. அவள் கண்ட உலகத்திலே, கையேந்தாமல் கை உயர்த்தி நிற்கும் ஒரே மனிதர் அவர்தான்! பள்ளியாசிரியர் ஒருவர் அவள் கண்ணிலே பட்டிருந்தால் அந்தக் கனவு வேறாக இருந்திருக்கும் என்று எண்ணினோம். ஏணியின் அடியிலே கிடப்பவன் அதற்கும் அடியிலே ஒருவனை மிதிக்கிறான் என்று எழுதியதற்காக இமையத்தைச் சினந்தவர்கள் உண்டு. எழுதாமல் மறைத்தால் ஏணி மறைந்துவிடுமா?

இங்கே ஒன்று இடைச்செருகலாகச் சொல்லவேண்டும். பெருமாள்முருகன் கல்லூரியிலே தமிழ் கற்பித்தவர். பாமா ஆசிரியையாக இருந்தவர். இமையம் பள்ளி ஆசிரியராக இருந்தவர். சுகிர்தராணியும் அரசுப் பள்ளியிலே தமிழாசிரியை. சுண்ணக்கட்டி பிடித்த விரல்கள் எழுதிய ஏடுகள் இவை! பள்ளி அடித்தது, அடிபட்டவர்களே பள்ளிக்குள் நுழைந்து கரும்பலகைக்கு முன்னே நின்றார்கள், நின்றுகொண்டே எழுதினார்கள். எஞ்சியவர் சல்மா ஒருவரே ஆசிரியர் அல்லர். அவரை மாணவியாக இருக்கவே விடவில்லையே!

துவரங்குறிச்சியிலே பிறந்த அவருக்கு 13 வயதிலே பள்ளி நின்றது. அவருக்கு மட்டும் அன்று. பூப்பெய்திய பெண் வீட்டுக்குள்ளே என்பது அங்கே ஊர் வழக்கம். மணமான பின்பும் எழுதத் தடை. நாட்காட்டித் தாள்களிலே ஒளித்து எழுதியதும், அதைத் தாயார் மறைத்து வெளியே சேர்ப்பித்ததும், 'சல்மா' என்ற புனைபெயரைப் போர்த்திக்கொண்டு கவிதைகள் அச்சேறியதும் அவரே பலமுறை கூறிய வரலாறு. 2000இல் கவிதைத் தொகுதி, 2004இல் புதினம். இடையிலே 2001இல் உள்ளாட்சித் தேர்தலில் நின்று வென்றார். 2025இல் மாநிலங்களவைக்கே சென்றார். பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட சிறுமி நாடாளுமன்றத்திலே! மகிழத்தக்கதுதான்; மகிழ்ந்தோம். ஆயினும் அதே தெருவிலே, அதே ஆண்டிலே, அதேபோல நிறுத்தப்பட்ட மற்றச் சிறுமியரின் பெயர் என்ன? அவர்கள் எழுதாத கவிதை எங்கே?

அவர் கவிதைகளைப் படிக்குமுன் நாம் பாவேந்தரின் 'குடும்ப விளக்'கை மீண்டும் ஒருமுறை எடுத்தோம். கற்ற பெண்ணால் குடும்பம் ஒளிபெறும் என்று காட்ட எழுந்த காவியம். கல்லாமையால் இருளும் வீட்டை 'இருண்ட வீடு' காட்டிற்று. பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று கேட்ட நாட்டிலே, அந்தக் கேள்வியின் பல்லைப் பிடுங்கிய பாட்டு அது. அந்தப் பெருமை ஒருநாளும் குறையாது. எனினும் இன்று படிக்கையில் தலைவி தங்கத்தைப் பார்த்து நாம் சற்றே மலைத்தோம். வைகறையில் எழுகிறாள், வீட்டைத் துலக்குகிறாள், சமைக்கிறாள், பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறாள், கடைக்குப் போய் வணிகம் பார்க்கிறாள், மாமன் மாமியைப் பேணுகிறாள். அம்மா, நீங்கள் எப்போது அமர்வீர்கள்? விளக்கு எரிகிறது, சரி, எண்ணெய் யாருடையது?

அந்த எண்ணெயின் கணக்கைச் சல்மா எழுதுகிறார். அவர் கவிதையிலே வருவது விளக்கு அன்று, இரவு. சன்னல், படுக்கை, உறங்காத அறை, தனக்குள்ளே பேசும் பெண். 'ஒப்பந்தம்' என்ற கவிதையிலே, திருமணம் என்று நாம் வாழ்த்துமடல் அச்சிட்டு வழங்கும் உறவிலே பெண் என்ன கொடுத்து என்ன பெறுகிறாள் என்ற பேரத்தை அவர் உடைத்துப் பேசுகிறார். ஆபாசம் என்று கூச்சலிட்டவர்கள் உண்டு. அந்தக் கவிதையிலே உள்ள ஆபாசம், கவிதை கண்டுபிடித்ததா, வீட்டிலே இருந்ததா? 'இரண்டாம் ஜாமங்களின் கதை'யிலே சிறுமி ராபியாவின் கண்வழியாக அந்த வீடுகளுக்குள் நுழைகிறோம். கணவனை ஏற்க மறுத்து வந்துவிட்ட பிர்தவ்சின் முடிவை இங்கே சொல்லமாட்டோம், படித்துக்கொள்ளுங்கள். புதினம் நீளம், உறவுமுறைகள் குழப்பும். நாம் ஒரு தாளிலே வமிசப் பட்டியல் எழுதி வைத்துக்கொண்டுதான் படித்தோம்! ஆனால் பெண்கள் கூடிப் பேசும் பேச்சு — கேலி, பொறாமை, பரிவு, பச்சையான நகைச்சுவை — தமிழ்ப் புதினத்திலே இப்படிக் கேட்டதில்லை. ஒரு மதத்தின் குறை என்று இதைச் சுட்டிவிட்டு மற்றவர் நழுவ வேண்டாம். தேவாலயத் தென்னையைப் பார்த்தோம். மேட்டாங்காட்டுக் கிணற்றைப் பார்த்தோம். இப்போது பார்ப்பது பள்ளிவாசல் தெரு. கதவின் நிறம் வேறு, தாழ்ப்பாள் ஒன்றே!

இவற்றையெல்லாம் நம் படிப்பு வட்டத்திலே பேசினோம். நண்பர் ஒருவர், களப்பணியிலே நமக்கு மூத்தவர், எழுந்தார். "ஐயா, இத்தனை மணி நேரம் புதினத்திலே செலவிட்டீரே. அந்த நேரத்திலே பத்து வீடு ஏறியிருந்தால் இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு இழுத்து வந்திருக்கலாமே! கண்ணீர் விட்டால் கதவு திறக்குமா?" என்று கேட்டார். நேர்மையான கேள்வி. கைதட்டலும் கிடைத்தது.

நாம் சொன்ன விடை இதுதான். நாம் வீடு ஏறியவர்கள்தாம். கரும்பு வெட்டும் பருவத்திலே மூன்று வாரம் வராத மாணவன் ஒருவனைத் தேடிப் போனோம். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அம்மையார், "வெட்டுக்குப் போயிருக்காங்க சார், வந்துருவாங்க" என்றார். மீண்டும் போனோம், பார்த்தோம், பேசினோம், தலையசைத்தார்கள். இலவசப் பாடநூல் உண்டு, சத்துணவு உண்டு, 2022 முதல் தொடக்கப் பள்ளிகளிலே காலைச் சிற்றுண்டியும் உண்டு என்று சட்டமும் திட்டமும் எடுத்துரைத்தோம். வந்தான், மீண்டும் நின்றான். அவனுக்குப் பள்ளியிலே என்ன வலித்தது என்று அவன் சொல்லவில்லை, பதினொரு வயதுப் பிள்ளையால் சொல்லவும் இயலாது. வீடேறிக் கேட்டால் கிடைக்கும் விடை, "வர்றோம் சார்" என்பது ஒன்றே. அந்த "வர்றோம் சார்" என்பதற்குப் பின்னால் இருக்கும் முந்நூறு பக்கத்தைப் பெருமாள்முருகனும் பாமாவும் எழுதியிருக்கிறார்கள். பத்து வீடு ஏறுபவன் அதைப் படித்துவிட்டு ஏறினால், வாயிலிலே நின்று என்ன கேட்கக்கூடாது என்பதையாவது அறிந்திருப்பான்.

நண்பர் முழுதும் ஏற்கவில்லை. "சரி, அந்தக் கருக்கைத் தாரும், பேருந்திலே படிக்கிறேன்" என்றார். கொடுத்தோம். இன்னும் திருப்பித் தரவில்லை!

சுகிர்தராணியைக் கடைசியாக வைத்தோம். அவர் கவிதை ஒன்றிலே வகுப்பறை வருகிறது. தந்தையின் தொழில் என்ன, ஆண்டு வருமானம் என்ன என்று ஆசிரியர் கேட்கிறார். பறை முழக்கும் தந்தையைச் சொல்ல நாணி, அச்சிறுமி வாய் திறக்கவில்லை. வாய் திறக்காததற்கு அடி. கடைசி வரிசையிலே அழுகை. பிறகு வளர்ந்த பெண்ணாய் நின்று, இப்போது எவர் கேட்டாலும் என்ன சொல்கிறாள் என்பதோடு கவிதை முடிகிறது. அந்த இறுதியை நாம் இங்கே பெயர்த்துச் சொன்னால் கெட்டுவிடும். அதன் முன்னே, மேடையிலே நாம் பேசும் சாதி ஒழிப்புப் பேச்சுகள் பலவும் சற்று மூச்சுவாங்கி நிற்கும்.

2021 ஆகஸ்டிலே தில்லிப் பல்கலைக்கழகம், ஆங்கிலப் பட்டப்படிப்பின் பாடத்திட்டத்திலிருந்து பாமா, சுகிர்தராணி இருவரின் படைப்புகளை நீக்கியது. மகாசுவேதா தேவியின் 'திரௌபதி'யும் உடன் போயிற்று. என்ன பொருத்தம்! பள்ளி வாயிலிலே நிறுத்தப்பட்ட சிறுமி வளர்ந்து, படித்து, எழுதி, அந்த எழுத்து மொழிபெயர்ந்து தலைநகரப் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தால், அங்கேயும் ஒருவர் பெயரைக் கூப்பிட்டு வெளியே நில் என்கிறார். தென்னைமரம் மட்டும்தான் இல்லை.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் உதவித்தொகைப் படிவங்கள் வந்தன. தந்தையின் பெயர், தொழில், ஆண்டு வருமானம், சாதிச் சான்றின் எண். வகுப்பிலே ஒவ்வொருவரையும் எழுப்பிக் கேட்டு நிரப்புவது பல பள்ளிகளின் வழமை. ஒரே மணியிலே வேலை முடிந்துவிடும். இம்முறை நாம் ஓய்வறைக்கு வெளியே வேப்பமரத்தடியிலே ஒரு நாற்காலியும், எதிரே மற்றொரு நாற்காலியும் போட்டோம். ஒவ்வொருவராக வரச் சொன்னோம். அமரச் சொன்னோம். நாம் கேட்பதும் பிள்ளை சொல்வதும் மூன்றாமவர் காதிலே விழாத தொலைவு. மூன்று நாள் பிடித்தது. உடன் பணிபுரியும் ஆசிரியர் ஒருவர், "என்ன சார், மருத்துவர் மாதிரி நோயாளி பார்க்கிறீர்களே!" என்று சிரித்தார்.

இரண்டாம் நாள் மாணவி ஒருத்தி வந்து அமர்ந்தாள். நாம் கேட்கும்முன்னே படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "நானே எழுதுகிறேன் சார்" என்றாள். தொழில் என்ற கட்டத்திலே, தெளிவான எழுத்திலே, 'செருப்புத் தைத்தல்' என்று எழுதினாள். எழுதிவிட்டு, "வருமானம் எவ்வளவு என்று அப்பாவைக் கேட்டுத்தான் சொல்லவேண்டும்" என்று எழுந்து போனாள். அந்தக் கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது. திங்கட்கிழமை கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறாள்.